புறா விரட்டிய இறுவட்டு

லண்டன் கிங்ஸ்பரியில் தமிழ்க் கடைக்குப் போனால் என்னை நிம்மதியாக வெண்டிக்காய் பொறுக்க விடுகிறார்கள் இல்லை. "நெஞ்சுக்குள்ளை கட்டியாமே, இப்ப எப்பிடி?" என்று ஒருவர். "வெட்டினதோ, வெட்டாமல் விட்டதோ?" என்று இன்னொருவர். முழுக் கதையையும் சொல்லத் தொடங்கினால் கையிலிருக்கும் கீரை வாடிவிடும். பாதியில் விட்டால் மிச்சத்தை அவர்களே கட்டி அடுத்த கடையில் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். இனிக் கேட்பவர்கள் இதை வாசிக்கட்டும், நான் என் பாட்டுக்குச் சாமான் வாங்குகிறேன்.

தொடங்கியது இருமலில். நான் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே இருமல் ஆகாது, இரண்டு தரம் இருமினால் கையிலிருக்கும் கரண்டியை வாங்கிவிடுவார்கள். இவர், அதாவது என் கணவர் சிவனேசன், மல்லியும் சுக்கும் அவித்து அவித்துத் தந்தார். வீடு மணத்ததே தவிர இருமல் அசையவில்லை. ஒருநாள் காலை மாடிப்படியில் ஏறும்போது பாதியில் மூச்சு வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. இவர் ஆம்புலன்சுக்கு அடித்தார்.

நியூமோனியா என்றார்கள். நுரையீரலுக்குள் கிருமி புகுந்து, காற்றுப் போகவேண்டிய இடத்தில் சளி கட்டிக்கொள்ளும் நோய். கையில் ஊசி ஏற்றி, மூக்கில் ஒட்சிசன் குழாய் மாட்டி, ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். வெளியே பஸ் தரிப்பிடம். எந்தப் பஸ்ஸில் இவர் வந்து இறங்குவார் என்று பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் என் வேலை. கார் நிறுத்தக் காசு கட்டுவதற்கு இவருக்கு மனம் வராது, பஸ்ஸில்தான் வருவார். மடியில் இடியப்பமும் சொதியும் உள்ள பை. வார்டு நேர்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து அவளுக்கும் ஒரு பெட்டி வந்தது. இவர் பேசிச் சிநேகிதம் பிடிக்கிற ஆள் இல்லை, சோறு கொடுத்துப் பிடிக்கிற ஆள்.

காய்ச்சல் இறங்கியபிறகு சி.டி. ஸ்கானுக்குக் கொண்டுபோனார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. பெரிய வளையம் ஒன்றுக்குள் கட்டில் போய் வரும். ரொட்டிப் பாணைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்குவதுபோல, உடம்பை வெட்டாமலே அது படங்களாக வெட்டி அடுக்கும். எல்லாம் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான். காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை, மற்றதெல்லாம் இடைப்பட்ட சாம்பல்.

"உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா?" என்று அங்கே நின்ற பெடியன் கேட்டான்.

"வெளியிலா, உள்ளேயா?" என்று கேட்டேன். அவன் விழித்தான். யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வீட்டு வளவில் ஷெல் குண்டு விழுந்தது. அதில் ஒரு துண்டு முதுகுக்குள் போய்த் தங்கிவிட்டது. எடுக்கப் போனால் கூடக் கெடுதி என்று அங்கேயும் விட்டார்கள், பிறகு அகதியாகப் போன ஜெர்மனியிலும் விட்டார்கள். அவன் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டு, கழுத்திலிருக்கும் தாலிக்கொடியை மட்டும் கழற்றச் சொன்னான். கழற்றி இவரிடம் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் கையிலும் இல்லை, சட்டைப் பையிலும் இல்லை. தொலைந்துவிடும் என்று தன் கழுத்திலேயே போட்டு, சேர்ட் பொத்தானை மேல்வரை பூட்டிக்கொண்டு இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, ஒட்சிசனைத் திரும்ப மாட்டவேண்டி வந்தது.

நியூமோனியா மருந்துக்கு அடங்கியது. வீட்டுக்கு விட்டார்கள். சில வாரம் கழித்து, எல்லாம் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு ஸ்கான். அதற்குப் பிறகுதான் நெஞ்சு மருத்துவர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மெல்லிய குரலுள்ள பெண். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"கிருமி போய்விட்டது. ஆனால் இது போகவில்லை" என்று ஒரு சின்ன வெள்ளைப் பொட்டைக் காட்டினார். வலது நுரையீரலின் மேற்பகுதியில், ஒரு கடலைப் பருப்பு அளவில் இருந்தது. நுரையீரல் முடிச்சு என்று அதற்குப் பெயராம். பழைய காயத்தின் வடுவாக இருக்கலாம், புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். விளிம்பு சொரசொரப்பாக இருப்பதால் அவருக்கு அதன்மேல் சந்தேகம். ஊசி விட்டு எடுத்துப் பார்க்கவும் வழியில்லை, பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. அதனால் நுரையீரலின் அந்தப் பகுதியையே வெட்டி எடுப்பதுதான் பாதுகாப்பு என்று மருத்துவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் நல்ல பெண். தண்ணீர் எடுத்துத் தந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "முன்பு எப்போதாவது நெஞ்சில் ஸ்கான் எடுத்திருக்கிறீர்களா? இதே பொட்டு அப்போதே இதே அளவில் இருந்திருந்தால் இது வடு. வெட்டத் தேவையில்லை."

எடுத்திருக்கிறேன். ஜெர்மனியில் இருந்தபோது, ஷெல் துண்டு குளிருக்கு வலிக்கிறது என்று எடுத்தார்கள். அந்த டொக்டர், நுரையீரலில் சின்ன வடு ஒன்று இருக்கிறது, பரவாயில்லை என்று சொன்னதும் ஞாபகம். அதை மருத்துவரிடம் சொன்னேன். ஞாபகம் போதாது, படம் வேண்டும் என்றார் மருத்துவர். படத்தை ஒரு இறுவட்டில், அதாவது கணினி டிஸ்க்கில், போட்டுத் தந்திருந்தார்கள். லண்டனுக்குக் குடிவந்தபோது அதையும் கொண்டுவந்தோம். அலுமாரியில் இருக்கவேண்டும். நான் பாதி பிழைத்துவிட்டேன் என்ற நினைப்போடு எழும்பினேன். இவர் மட்டும் நாற்காலியை விட்டு எழும்பவில்லை.

பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார். "இஞ்சரும், நான் ஒண்டு சொல்லுவன். நீர் கத்தக்கூடாது."

"சொல்லுங்கோ."

"அந்த டிஸ்க்கைப் புறாவுக்குக் கட்டிப்போட்டன்."

எங்கள் ஆட்கள் குடியிருக்கும் வீடுகளின் பின்வளவுகளை எட்டிப் பார்த்தவர்களுக்கு விளங்கும். பயற்றங்கொடியோ பாகலோ தளிர் விட்டவுடன் புறா வந்து கொத்தும். அதை விரட்ட, பழைய படங்கள், பிறந்தநாள், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு என்று கிடக்கும் இறுவட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். வெயிலில் மின்னும், காற்றில் சுழலும், புறா வராது. இவரும் அலுமாரியில் ஒரு கட்டை அள்ளிக்கொண்டு போய்க் கட்டியிருக்கிறார். அதில் என் நெஞ்சும் ஒன்று. மூன்றாவது பந்தலில் தொங்கியது. மகள் மதுரா அதை அவிழ்த்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். வெள்ளிப் பூச்சு முழுக்க உரிந்து, அதற்குள்ளால் பக்கத்து வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இவர் வளவிலிருந்த இறுவட்டுகள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் குப்பையில் போட்டார். அந்த முறை பயற்றங்கொடியைப் புறா தின்று தீர்த்தது. இவர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர விரட்டப் போகவில்லை.

ஜெர்மன் மருத்துவமனைக்கு மதுரா தொலைபேசி எடுத்தாள். அவ்வளவு பழைய படங்களை வைத்திருப்பதில்லை, அழித்துவிட்டோம் என்றார்கள். எனக்குச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துத் தகவல் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது என்று எழுதுவதில் வெட்கம் இல்லை. புற்றுநோய்ப் பயத்தைவிட, ஒன்றுமில்லாத ஒரு வடுவுக்காக நெஞ்சைத் திறப்பார்களே என்ற பயம். ஒருமுறை கிழிந்த முதுகு எனக்கு. அதைத் திரும்ப யாரும் தொடக்கூடாது என்றிருந்தது.

செய்தி சொல்ல ரொறன்ரோவிலிருக்கும் என் தம்பிக்கு எடுத்தேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அக்கா, நான் உங்களிட்டை ஜெர்மனிக்கு வந்து நிக்கேக்கை, இஞ்சை ஒரு டொக்டருக்குக் காட்டவெண்டு அந்தப் படங்களைக் கொப்பி பண்ணினனான். ஞாபகம் இருக்கோ?"

"எங்கை இப்ப?"

"பழைய கொம்பியூட்டரிலை இருக்கவேணும். நான் தேடிப்போட்டு எடுக்கிறன்."

அடுத்த நாள் அவனே தொலைபேசி எடுத்தான். "அக்கா, உங்கடை நெஞ்சு முழுக்க என்ரை பேஸ்மென்ரிலை கிடக்குது!" என்று கத்தினான். பிறகு அழுதான். நானும் அழுதேன்.

ஆனால் அவன் அனுப்பியது வெறும் படங்கள். இறுவட்டிலிருந்த செயலி ஜெர்மன் மொழியில் இருந்ததால், அவனுக்கு விளங்கிய ஒரு பொத்தானை அமத்தி, ஒவ்வொரு துண்டையும் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படமாகச் சேமித்திருக்கிறான். பிட்மேப் என்று அந்த வகைக்குப் பெயர். அதற்குள் புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறங்கள் மட்டும் இருக்கும், வேறு ஒன்றும் இராது. மருத்துவமனையில் படங்களை வாங்கும் பிரிவுப் பெண் தலையாட்டினாள். எங்கள் கணினிக்குள் டைகொம் என்கிற வகைதான் போகும், இது போகாது என்றாள். டைகொம் என்றால் படத்தோடு கூடவே, இது யாருடைய உடம்பு, எந்தத் திகதி, எத்தனையாவது துண்டு, எந்தப் பக்கம் வலது என்றெல்லாம் சேர்ந்திருக்கும் கோப்பு. படம் தனியே வந்தால் அது யாரோ ஒருவரின் நெஞ்சு, அந்த விபரங்களோடு வந்தால்தான் அது என் நெஞ்சு. மாற்றிக் கொண்டுவந்தால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் ஏற்றுக்கொள்கிறோம் என்றாள்.

"நான் செய்யிறன் அம்மா" என்றாள் மதுரா. அவள் கவுன்சிலில் வரைபடப் பிரிவில் வேலை. படங்களைக் கணினியில் வகை மாற்றுவது அவளுக்குப் பழக்கம், ஆனால் அதெல்லாம் தெருவும் வடிகாலும். சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் குந்தினாள். இவர் பக்கத்தில் தேத்தண்ணீர் வைத்துவிட்டு நின்றார்.

கேள்வி கேள்வியாகக் கேட்டாள். ஜெர்மனியில் என் பெயரை எப்படி எழுதினார்கள்? அங்கே என் அப்பாவின் பெயரை என் பெயராக்கி, என் பெயரைக் குடும்பப் பெயராக்கி வைத்திருந்தார்கள். இரண்டையும் எழுதினாள். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் எவ்வளவு இடைவெளி? தெரியாது. ஒரு புள்ளி எத்தனை மில்லிமீற்றர்? அதுவும் தெரியாது.

"உத்தேசமா ஒண்டைப் போடன் பிள்ளை" என்றார் இவர்.

"இல்லை அப்பா. தெரியாட்டில் பிளாங்க்கா விடவேணும். இது படத்திலை இருந்து மாத்தினது எண்டும் போடவேணும். கெஸ் பண்ணினால் டொக்டர் அதை நம்பி அம்மாவை மெஷர் பண்ணுவா."

என் பிள்ளையின் தமிழ் பாதி ஆங்கிலம்தான். ஆனால் அந்த நேரம் அவளைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவர்கள் உலகத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

பின்னேரம் நான் கீழே வந்தபோது மதுரா மேசையில் இல்லை. குசினியில், கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தானாகக் கோப்பை கழுவினால் ஏதோ பிழை.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அம்மா."

"முகத்தைப் பார்த்துச் சொல்லு."

கையைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரைக்குக் கூட்டிப்போனாள். மாற்றி முடித்துவிட்டாள், துண்டுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பொட்டும் இருந்தது. ஸ்கான் படத்தை, கட்டிலில் மல்லாந்து கிடக்கும் ஆளைக் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோலப் பார்க்கவேண்டும், அதனால் திரையின் இடது ஓரம் ஆளின் வலது பக்கம் என்று விளங்கப்படுத்தினாள். பிறகு விரலை வைத்தாள். பொட்டு திரையின் வலது ஓரத்தில் இருந்தது. அப்படியென்றால் பழைய வடு என் இடது நுரையீரலில். இப்போது இருப்பதோ வலதில்.

"இது அது இல்லை அம்மா" என்று சொல்லி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அது வேறை, இது வேறை. இது புதுசு."

புதிதென்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். என் கண்ணும் புத்தியும் அந்தப் பொட்டை விட்டு வேறெங்கும் நகரவில்லை.

இவர் வளவிலிருந்து செருப்போடு உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார், திரையைப் பார்த்தார். மதுரா அவருக்கும் அதே விளக்கத்தைச் சொன்னாள். அவர் பொட்டைப் பார்க்கவில்லை. பொட்டுக்குக் கீழே இருந்த படத் துண்டுகளில், முதுகுப் பக்கம் பளீரென்று ஒரு வெள்ளை மின்னியது.

"உது என்ன?"

"அதுதான் அப்பா, அம்மான்ரை ஷெல் பீஸ்."

"உது எந்தப் பக்கம் எண்டு சொல்லுறாய்?"

"லெஃப்ட். சொன்னன்தானே, ஸ்கிரீனிலை ரைட் எண்டால் அம்மான்ரை லெஃப்ட்."

"இல்லை" என்றார்.

"அப்பா, நீங்கள் கன்ஃபியூஸ் ஆகிறியள்."

இவர் வாழ்க்கையில் மகளோடு எதிர்த்துப் பேசியது கிடையாது. அன்றைக்குப் பேசினார். மண் படிந்த கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, என் பின்னால் வந்து நின்று, பெருவிரலை என் முதுகில் ஊன்றினார். வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, சரியாக அந்த இடத்தில். ஒவ்வொரு குளிர்காலமும் தைலம் தேய்த்து விடுகிற இடம். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர்தான் தேய்க்கிறார். நான் என் முதுகை ஒருநாளும் பார்த்ததில்லை, அவர் பார்த்திருக்கிறார்.

"இஞ்சைதான் கிடக்குது. உந்த இடத்தை எனக்கு நீ சொல்லித் தராதை" என்றார். "உன்ரை படம் பிழை பிள்ளை."

மதுரா திரும்பித் திரையைப் பார்த்தாள். பிறகு கையைத் தலையில் வைத்தாள். "ஓ மை கோட். ஹார்ட்டும் மற்றப் பக்கம் கிடக்கு!"

நடந்தது இதுதான். பிட்மேப் படத்தில் வரிகள் கீழிருந்து மேலாக எழுதப்பட்டிருக்குமாம். அவளுடைய செயலி அதை மேலிருந்து கீழாக வாசித்துவிட்டது. படம் தலைகீழாக, கீழே இருக்கவேண்டிய முள்ளந்தண்டு மேலே வர, அவள் அதை நிமிர்த்துவதற்காக அரைவட்டம் சுற்றிவிட்டாள். தோசையைக் கல்லில் சுற்றுவது வேறு, புரட்டுவது வேறு. புரட்டவேண்டியதைச் சுற்றியதால் என் வலது இடதாகி, இதயமும் இடம் மாறிவிட்டது. அவள் அழுதுகொண்டே சிரித்து, திரும்பச் செய்தாள். ஷெல் துண்டு வலது முதுகுக்குப் போனது. பொட்டும் வலது நுரையீரலின் மேற்பகுதிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

இவர் வளவுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து யன்னலால் பார்த்தேன். வெறும் பந்தலுக்குக் கீழே நின்று தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குப் பிறகு காத்திருந்ததைப் பற்றி என்ன எழுதுவது? காத்திருக்கும் அறைகளில் மீன்தொட்டி வைக்கிறார்கள். அந்த மீன்களுக்கு நாங்கள் எல்லோரும் பழக்கமாகிவிட்டோம்.

மருத்துவர் கூப்பிட்டபோது திரையில் இரண்டு நெஞ்சுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் என்னுடையவை, ஒன்று இளமை. பழைய படத்தில் அளவு இல்லாததால் முதலில் சங்கடப்பட்டார்களாம். பெயரும் வேறு வேறாக இருந்தது. "ஆனால் உங்களிடம் ஒரு அளவுகோல் இருந்தது" என்று அவர் அந்த வெள்ளைத் துண்டைக் காட்டினார். இரண்டு படத்திலும் அதே வளைந்த வடிவம், அதே இடம். அதனால் இது நான்தான் என்பதில் சந்தேகம் இல்லை. இரும்பு வளர்வதில்லை. அதோடும் முள்ளந்தண்டு எலும்போடும் ஒப்பிட்டுப் பார்த்தால், பொட்டு அன்றைக்கு இருந்த அளவில்தான் இன்றைக்கும் இருக்கிறது. கொஞ்சமும் வளரவில்லை.

"வடு" என்றார். "வெட்டப் போவதில்லை. ஒரு வருடம் கழித்து இன்னொரு தரம் பார்ப்போம், அவ்வளவுதான்."

அந்த இரும்பை நான் எவ்வளவு காலம் திட்டியிருப்பேன்! குளிர் வந்தால் திட்டுவேன், பாரம் தூக்கினால் திட்டுவேன், விமான நிலையத்தில் திட்டுவேன். என்னைக் கொல்ல வந்தது என் முதுகிலேயே குடியிருந்து எனக்குச் சாட்சி சொல்லும் என்று யார் கண்டது. அதை மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்குத் திட்டவில்லை.

இவர் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் பையைத் திறந்து இடியப்பப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். ஒக்டோபர்க் குளிர் தொடங்கிவிட்டது, முதுகு லேசாக வலித்தது. இவர் தைலப் போத்தலோடு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"இஞ்சருங்கோ, புறாவுக்கு வேறை ஏதும் கட்டுங்கோ. அடுத்த முறையாவது பயற்றங்காய் தின்னவேணும்."

"ம்."

"இன்னும் கொஞ்சம் கீழை."

"எனக்குத் தெரியும்" என்றார்.